கண்ணும் முடியும் இல்லாமல் வந்த பொம்மை

திண்டுக்கல் மேற்கு ரத வீதியில் சௌகத் அலியின் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஸ்தனிஸ்லாஸ் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூறாம் வருடம். முதலில் பின்கட்டில் லென்ஸ் உரசும் வேலை. வந்தவர் முகத்துக்குத் தகுந்த ஃபிரேம் எடுத்துக் கொடுப்பதில் ஆள் கெட்டிக்காரர் என்று தெரிந்த பிறகு, சௌகத் அலி அவரை முன்மேஜைக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார். அதன் பிறகு அந்த நாற்காலியை விட்டு அவர் நகரவில்லை.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டால், "அமையல" என்பார். காதல் தோல்வி, குடும்பப் பொறுப்பு என்று சொல்லிக்கொள்ள அவரிடம் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று இடம் பார்த்தார்கள், தட்டிப்போயிற்று, பிறகு பார்ப்பவர்கள் விட்டுவிட்டார்கள், அவரும் விட்டுவிட்டார். மேட்டுப்பட்டியில் குடும்ப வீட்டின் மாடியறையில் இருந்தார். கீழே தம்பி ஞானதாஸ், தம்பி மனைவி ஆனந்தமேரி, அவர்களுடைய ஒரே மகள் ஐரின். ஆனந்தமேரி சாணார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் ஸ்தனிஸ்லாசுக்குக் கீழே. ஞாயிறு பூசைக்கு எல்லோரும் சேர்ந்து போய் வருவார்கள். நாற்பத்தெட்டு வயது வரை அவரைப் பற்றிப் பேச யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் நத்தத்திலிருந்து மொக்கைச்சாமி என்ற விவசாயி கடைக்கு வந்தார். புளி உலுக்கும்போது கிளை முறிந்து அடித்ததில் ஒரு கண் போய்விட்டது. ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். புண் ஆறி, குழி மட்டும் இருந்தது.

"கண்ணாடிக் கடைன்னா கண்ணும் இருக்கும்னு சொன்னாக. ஒண்ணு வச்சுக் குடுங்க. தெருவுல புள்ளைக என்னையப் பாத்தா ஓடுதுக."

சௌகத் அலிக்கு அவரைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. "ஸ்தனிசு, இது எங்க கெடைக்கும்னு நெட்டுல பாத்துட்டு வாப்பா" என்றார்.

சாயங்காலம் ஐரினைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனார். அவள் அப்போது கல்லூரியில் பி.சி.ஏ. படித்துக்கொண்டிருந்தாள். 'கண்ணாடிக் கண்' என்று ஆங்கிலத்தில் அடித்ததும் திரை முழுக்கக் கண்கள் வந்து நின்றன. நீலம், பச்சை, தேன் நிறம், சாம்பல், ஊதா கூட. எல்லாம் சோடி சோடியாக.

"பெரியப்பா, இது மனுசங்களுக்கு இல்ல. பொம்மைக்கு வைக்கிறது" என்ற ஐரின், எந்தப் பொம்மைக்கு என்று பார்க்க இன்னொரு பக்கத்தைத் திறந்தாள்.

ஒரு முழ உயரமுள்ள பொம்மை. கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு, முழங்கால் எல்லா மூட்டிலும் சின்னச் சின்ன உருண்டை. உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓடுகிறது. அதனால் உட்காரும், நிற்கும், தலையைச் சாய்த்துக் கையில் முகத்தைத் தாங்கிக்கொள்ளும். ஸ்தனிஸ்லாஸ் அந்த மூட்டுகளைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. முகத்தைப் பார்த்தார். பஜாரில் தொங்கும் பொம்மைகள் எல்லாம் சிரித்துக்கொண்டே இருக்கும். இது சிரிக்கவில்லை. அழவும் இல்லை. யாரோ சற்று முன்னால் எதையோ சொல்லிவிட்டுப் போக, அதை யோசித்துக்கொண்டிருக்கும் முகம்.

மொக்கைச்சாமிக்கு மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் கண் வைத்துக் கொடுத்தார்கள். அந்த விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஸ்தனிஸ்லாஸ் தனியாக அதே பிரவுசிங் சென்டருக்குப் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார். இந்தப் பொம்மைகளை வைத்திருப்பவர்கள், புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு என்றே யோசனைகள் எழுதி வைத்திருந்தார்கள். தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தைக் கொண்டு மெல்ல மெல்லப் படித்தார்.

கூடப் படித்த பிராங்கிளின் சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்தான். அவனுக்குப் போன் போட்டார்.

"யாருக்குடா? ஐரினுக்கா?"

"எனக்குத்தான்டா."

பிராங்கிளின், "சரி, பாக்குறேன்" என்றான். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதற்காகவே ஸ்தனிஸ்லாஸ் அவனைக் கடைசிவரை மறக்கவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த பிராங்கிளின் ஒரு நீளப் பெட்டியைக் கொண்டுவந்தான். சிங்கப்பூரில் ஒரு பெண் தன்னிடமிருந்ததை விற்றிருக்கிறாள். கண்ணையும் முடியையும் மட்டும் கழற்றி வைத்துக்கொண்டாளாம். "வாங்குறவங்க அவங்க இஷ்டப்படி வச்சுக்கணும், அதான் இதுல முறைன்னுச்சு அந்தப் பொண்ணு."

பெட்டியைத் திறந்தபோது வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். வழுக்கைத் தலை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. தலையின் பின்பக்கம் கொட்டாங்கச்சிபோலத் தனியாகக் கழன்று வர, அந்த ஓட்டை வழியாக எதிர்ச்சுவர் தெரிந்தது.

"என்ன அத்தான் இது, பிரேதம் மாதிரி" என்று ஆனந்தமேரி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"கண்ணு வச்சா சரியாப் போகும்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். அவருக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது.

முதல் சோடிக் கண் அவர் ஏற்கெனவே சொல்லி, பிராங்கிளின் கையோடு வாங்கி வந்தது. நீலம். இருந்ததில் பெரிய அளவு. கண் பெரிதாக இருந்தால் அழகு என்று நினைத்துவிட்டார். அதைத் தலைக்குள்ளிருந்து வைத்து, பின்னால் களிமண் அப்பி நிறுத்த வேண்டும். ஸ்டேஷனரிக் கடையில் குழந்தைகள் விளையாடும் களிமண் வாங்கிவந்து வைத்தார். சிவப்புக் களிமண். அதன் சாயம் உள்பக்கம் ஏறிவிடும் என்று அவருக்குத் தெரியவில்லை. கண்ணோ குழியில் முழுதாகப் பொருந்தாமல் ஓரத்தில் இடுக்கு விட்டது. அந்த யோசிக்கும் முகம் போய், திருடனை நேரில் பார்த்த முகம் வந்துவிட்டது.

தலையை மட்டும் கழற்றித் துணியில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போனார். மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் லென்ஸ் பார்க்கும் விளக்கடியில் வைத்து நோண்டிக்கொண்டிருந்தபோது சௌகத் அலி வந்து நின்றார். ஸ்தனிஸ்லாசுக்கு முகம் கறுத்துப்போயிற்று.

சௌகத் அலி குனிந்து பார்த்தார். "இது முழிக்குதேப்பா."

"ஆமா பாய். கண்ணு பெருசாப் போச்சு."

"ஆறாங்கிளாஸ் பையனுக்கு அவுக அப்பன் ஃபிரேமை மாட்டி விட்டாப்புல இருக்கு. ஏன், உனக்குத் தெரியாதா?"

தெரியும்தான். பதினாறு வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த விஷயம். தனக்கு என்று வாங்கும்போது அது ஞாபகத்துக்கே வரவில்லை.

அடுத்த முறை பிராங்கிளின் ஓர் ஆள் மூலம் இரண்டு சோடி சின்னக் கண் அனுப்பினான். ஒன்று சாம்பல், ஒன்று பழுப்பு. இரண்டும் கண்ணாடி. உள்ளே ஆழம் இருந்தது. வெள்ளைக் களிமண்ணில் வைத்தபோது பொருந்தி உட்கார்ந்தன. ஆனால் இரண்டு கண்ணையும் நேராக வைத்தால் பொம்மை யாரையும் பார்க்காமல் வெறித்தது. ஒன்று கொஞ்சம் விலகினால் மாறுகண்ணாகிவிட்டது. டார்ச் அடித்து, இரண்டு கருமணியிலும் வெளிச்சப் புள்ளி ஒரே இடத்தில் விழுகிறதா என்று பார்த்துப் பார்த்துத் திருப்பினார். கடையில் மாறுகண் குழந்தைகளை அப்படித்தான் பார்ப்பது. பார்வையை ஒரு மயிரிழை கீழே இறக்கியபோது அந்தப் பழைய முகம் திரும்பி வந்தது. சாம்பல் கண் வைத்தாலும் வந்தது, பழுப்புக் கண் வைத்தாலும் வந்தது. ஆனால் இரண்டும் ஒரே ஆள் இல்லை. பழுப்பு வைத்தால் பக்கத்து வீட்டில் இருக்கும் ஆள் மாதிரி இருந்தது. சாம்பல் வைத்தால் எங்கிருந்தோ வந்து, போகிற வழியில் கொஞ்சம் உட்கார்ந்த ஆள் மாதிரி இருந்தது. எதை வைத்துக்கொள்வது என்று அவரால் முடிவு செய்ய முடியவில்லை.

முடி விஷயத்தில் இன்னும் திண்டாடினார். பஜாரில் சவுரி வாங்கி வெட்டி ஒட்டிப் பார்த்தார். நல்ல முடிதான். ஆனால் அந்தச் சின்னத் தலையில் ஒவ்வொரு இழையும் தென்னந்துடைப்பக் குச்சி மாதிரி தடித்துத் தெரிந்தது. மனிதர் முடி மனிதத் தலைக்குத்தான் மெல்லியது என்பது அப்போதுதான் விளங்கியது. மதுரையில் குழந்தை இயேசு சொரூபத்துக்கு வைக்கும் டோப்பா ஒன்றை வாங்கிவந்தார். அது காது வரை இறங்கி முகத்தை மூடியது. தலையைச் சுற்றி நூல் வைத்து அளந்து அனுப்பிய பிறகு, பிராங்கிளின் ஒரு நீள விக் அனுப்பினான். பளிங்கு போன்ற தலையில் அது நிற்காமல் வழுக்கிக்கொண்டே போனது. ஐரின் ஒரு பலூனை வெட்டித் தலையில் மாட்டிவிட்டு அதன்மேல் விக்கை வைத்தாள். நின்றது.

"கேட்டுட்டு செஞ்சிருக்கலாம்ல பெரியப்பா, இம்புட்டு நாளு."

ஞானதாஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் மாடிக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏண்ணே, உனக்கு என்ன குறை வச்சோம்?"

"ஒரு குறையும் இல்லப்பா."

"அப்புறம் எதுக்கு இது?"

ஸ்தனிஸ்லாஸ் அந்தக் கேள்வியைத் தன்னிடமே பலமுறை கேட்டிருந்தார். பிள்ளை இல்லாத ஏக்கமா, துணை இல்லாத குறையா என்று நேர்மையாகத் தேடிப் பார்த்தார். அப்படி எதுவும் அகப்படவில்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த வீட்டில் 'பிடித்திருந்தது' என்பது ஒரு காரணமாக அதுவரை யார் வாயிலிருந்தும் வந்ததில்லை. ஞானதாஸ் பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

இரண்டாயிரத்து எட்டில் ஐரினுக்கு ஒரு வரன் வந்தது. கன்னிவாடிப் பக்கம். பையன் ஜெரோமுக்குச் சென்னையில் வேலை. அம்மா செபாஸ்தியம்மாள் ஓய்வு பெற்ற டீச்சர், அப்பா இல்லை. பெண் பார்க்க வருகிற நாளன்று ஞானதாஸ், "அண்ணே, மாடிய மட்டும் பூட்டி வச்சிரு" என்றார். ஸ்தனிஸ்லாஸ் சரி என்றார்.

அந்த வருடம் கரண்ட் அடிக்கடி போகும். அவர்கள் வந்து உட்கார்ந்து காபி குடிப்பதற்குள் போய்விட்டது. கீழே புழுங்கித் தள்ளியது. செபாஸ்தியம்மாள் முந்தானையால் விசிறிக்கொண்டே, "மாடியில காத்து வருமா?" என்று கேட்டார். வராது என்று எப்படிச் சொல்வது. எல்லோரும் படியேறினார்கள். ஸ்தனிஸ்லாஸ் கதவைச் சாத்தி வைத்திருந்தாரே தவிர, பூட்டியிருக்கவில்லை. மொட்டை மாடிக் காற்று ஒரு தள்ளு தள்ளியதில் கதவு திறந்துகொண்டது. ஜன்னலோர மேஜையில் பொம்மை உட்கார்ந்திருந்தது. காலையில்தான் கண்ணைக் கழற்றியிருந்தார்.

செபாஸ்தியம்மாள் வாசலிலேயே நின்றார். "இது என்னது?"

"ஐரின் சின்னப்புள்ளையில வெளையாண்டது, டீச்சர். சும்மா போட்டு வச்சிருக்கோம்" என்றார் ஞானதாஸ்.

ஐரின் தலை குனிந்து நின்றாள். ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எல்லோரும் மொட்டை மாடிக்குப் போயிருப்பார்கள். தன்னுடையதை அந்தப் பிள்ளையின் தலையில் வைப்பது அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஐரினோடது இல்ல டீச்சர். என்னோடது. நான் ஆசைப்பட்டு வாங்கினது."

ஜெரோம் நிமிர்ந்து அவரைப் பார்த்தான்.

"கண்ணு எங்க?" என்றார் செபாஸ்தியம்மாள்.

"ரெண்டு சோடி இருக்கு. எதை வைக்கிறதுன்னு இன்னும் முடிவு பண்ணல."

"காட்டுங்க."

லென்ஸ் வைக்கும் சின்ன டப்பாவைத் திறந்து நீட்டினார். செபாஸ்தியம்மாள் நான்கையும் உள்ளங்கையில் கொட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

இதுவரை எல்லோரும் ஏன் என்றுதான் கேட்டிருந்தார்கள். எது என்று கேட்ட முதல் ஆள் இவர். ஸ்தனிஸ்லாஸ் அவர் உள்ளங்கையில் இருந்த நான்கையும் இன்னொரு முறை பார்த்தார்.

"சாம்பல் பிடிச்சிருக்கு. ஆனா பழுப்புதான் பொருத்தம்னு தோணுது."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்களைத் திருப்பிக் கொடுத்தார். கீழே கரண்ட் வந்து டி.வி. சத்தம் கேட்டது. எல்லோரும் இறங்கிப் போனார்கள்.

அடுத்த வாரமே போன் வந்தது. பையன் இப்போது வேண்டாம் என்கிறானாம். ஞானதாஸ் போனை வைத்துவிட்டு நேராக மாடிக்கு வந்தார்.

"கண்ணப் புடுங்கின பொம்மையோட ஒருத்தன் உக்காந்திருக்கிற வீட்ல எவன் பொண்ணெடுப்பான்? ஒரு பொய்ய நான் சொன்னேன். அதையாவது விட்டுருக்கலாம்ல?"

ஸ்தனிஸ்லாஸ் அன்றே பொம்மையைப் பெட்டியில் வைத்து பீரோவின் மேல் ஏற்றினார். கண் டப்பா மேஜை டிராயருக்குள் போயிற்று. கீழே போய்ச் சாப்பிட்டார். தட்டு வரும், குழம்பு வரும், பேச்சு வராது. சில மாதம் கழித்து ஐரின் கோயம்புத்தூரில் வேலைக்குப் போகிறேன் என்றபோது, வரன் தட்டிப்போன வருத்தத்தில் ஞானதாஸ் தடுக்கவில்லை. அவள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். பஸ் ஏற்றிவிடப் போன பெரியப்பாவிடம், "நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்று மட்டும் சொன்னாள்.

மறு வருடம் ஒரு காலையில் செபாஸ்தியம்மாள் கடைக்கு வந்தார். கண்ணாடி மாற்ற வேண்டுமாம். அவரைப் பார்த்ததும் ஸ்தனிஸ்லாஸ் எழுந்து நின்றுவிட்டார்.

"உக்காருங்க, நான் கஸ்டமர்" என்றார் அவர். சீட்டைக் கொடுத்துவிட்டு, கடையில் வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு பேசினார். "எம் மகனுக்குக் கல்யாணமாகிருச்சு. மெட்ராசுல கூட வேலை பாக்குற பொண்ணு. வேதம் வேற, கிறிஸ்தவங்க இல்ல. ரெண்டு வருசமாப் பழக்கமாம். உங்க வீட்டுக்கு வந்தப்பவும் அவன் மனசுல அந்தப் புள்ளதான் இருந்திருக்கு. எங்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு, நான் கூப்ட்ட இடத்துக்கெல்லாம் வந்துக்கிட்டு இருந்திருக்கான்."

"எங்க தம்பி அந்தப் பொம்மையாலதான்னு நெனச்சுட்டான், டீச்சர்."

செபாஸ்தியம்மாள் மேஜைக் கண்ணாடியில் தம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தப்புன்னும் சொல்ல முடியாது. அன்னைக்குத் திரும்பிப் போகையில பஸ்ல கேட்டான், 'அந்தப் பெரியவரு பேசாம இருந்திருக்கலாமே, ஏம்மா சொன்னாரு?'ன்னு. அவருக்குப் பிடிச்சதை அவரு சொன்னாரு, அதுல என்னடான்னேன். வீட்டுக்குப் போனதும் பக்கத்துல வந்து உக்காந்தான். எல்லாத்தையும் சொன்னான்."

"உங்களுக்கு வருத்தமில்லையா?"

"இருந்துச்சு. மூணு மாசம் அவனோட பேசல. சொல்லாமலே உங்க வீட்டுப் புள்ளைக்குத் தாலி கட்டியிருந்தா? அதையும் நெனச்சுப் பாத்தேன்." அவர் ஒரு ஃபிரேமை எடுத்து மாட்டிக்கொண்டார். முகத்துக்குக் கொஞ்சம் அகலம். ஸ்தனிஸ்லாஸ் வேறொன்றை எடுக்கக் கையை நீட்டினார். அதற்குள் அவர், "இதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார். ஸ்தனிஸ்லாஸ் கையை மடக்கிக்கொண்டு பில் போட்டார்.

அன்று சாப்பாட்டின்போது தம்பியிடம் பாதியைச் சொன்னார். ஜெரோமுக்கு முன்பே பழக்கம் இருந்தது, கல்யாணமும் ஆகிவிட்டது. ஞானதாஸ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். கடைசியில், "புள்ள தப்பிச்சா" என்றார். பிறகு, "அண்ணனுக்கு இன்னொரு கரண்டி வெஞ்சனம் வை" என்று மனைவியிடம் சொன்னார். பஸ்ஸில் நடந்த பேச்சை ஸ்தனிஸ்லாஸ் தம்பியிடம் சொல்லவில்லை. அதை ஐரினுக்கு மட்டும் போனில் சொன்னார். அவள் வெகுநேரம் சிரித்தாள்.

அந்த ஞாயிறு பெட்டியை இறக்கினார். எலாஸ்டிக் கொஞ்சம் தளர்ந்திருந்தது. டப்பாவைத் திறந்து பழுப்பையும் சாம்பலையும் மேஜையில் வைத்தார். பழுப்புதான் பொருத்தம். அதில் அவருக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனால் எடுத்து வைத்தது சாம்பலை. டார்ச் அடித்துப் புள்ளியைச் சரி பார்த்து, பார்வையைக் கொஞ்சம் கீழே இறக்கித் தலையை மூடினார்.

கிறிஸ்துமஸுக்கு வந்த ஐரின் தன் சம்பளத்தில் ஒரு விக் வரவழைத்துக் கொண்டுவந்திருந்தாள். ஏதோ ஒரு வகை ஆட்டின் முடியாம், பஞ்சு மாதிரி இருந்தது. குட்டையான, கறுத்த சுருட்டை. நீள முடியைக் கழற்றிவிட்டு இதை மாட்டியதும், இத்தனை நாள் பெண்ணாக இருந்த பொம்மை ஒரு நொடியில் பதினைந்து வயதுப் பையனாகிவிட்டது. கண் அதே கண், முகம் அதே முகம்.

பலகாரத் தட்டோடு மேலே வந்த ஆனந்தமேரி நின்று பார்த்தாள்.

"இது இப்ப ஆம்பளையா, பொம்பளையா?"

"தெரியலம்மா" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"பழைய முடிய மாட்டிரட்டுமா பெரியப்பா?"

அவர் சற்றுத் தள்ளி நின்று, கடையில் ஆட்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வேணாம். ரெண்டு நாளைக்கு இப்படியே இருக்கட்டும். யாருன்னு பாப்போம்."

ஆனந்தமேரி தட்டை மேஜையில் வைத்தாள். வந்த நாளிலிருந்து அந்தப் பொம்மையை அவள் தொட்டதில்லை. நெற்றியில் விழுந்திருந்த ஒரு சுருளை ஒற்றை விரலால் ஒதுக்கிவிட்டு, "அதிரசம் ஆறிப் போகும், சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.